மாமரத்து நீளக்கொம்பு வண்டை வகைப்படுத்துவது எப்படி?

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவில் இரண்டு மாமரங்கள் நிற்கின்றன. சில இரவுகளில் விறாந்தை வெளிச்சத்துக்குப் பெரிய சாம்பல் நிற வண்டு ஒன்று வந்து விழும். பிடித்தால் கிரீச்சென்று சத்தம் போடும். வகைப்பாடு படிக்க இதைவிட நல்ல வண்டு கிடையாது. பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு பெயருக்கும் அதன் உடம்பில் ஓர் அடையாளம் உண்டு.

கண்ணாடிப் போத்தலும் உருப்பெருக்கியும் எடுத்துக்கொள்ளுங்கள். வெறுங்கை வேண்டாம். மரப்பட்டை கடிக்கிற தாடை, விரலையும் கடிக்கும்.

படி 1: ஆறு கால் இருந்தால் பூச்சி வகுப்பு. மேற்சிறகுகள் ஓடுபோல் இறுகி முதுகின் நடுவே நேர்கோடாகச் சந்தித்தால் வருணம் கோலியொப்டெரா, அதாவது வண்டுகள். (நம் இலங்கைப் பாடப்புத்தகத்து வருணம், சாதி என்பவைதான் தமிழ்நாட்டில் வரிசை, பேரினம்.)

படி 2: குடும்பம். இங்கே அவசரப்படாதீர்கள், நீளக் கொம்பு மட்டும் போதாது. கண்ணைப் பாருங்கள்: வட்டமாக இல்லாமல் அவரை விதைபோல் வளைந்து உணர்கொம்பின் அடியைச் சுற்றியிருக்கும். பாதத்தில் நான்கு துண்டுகள் போலத் தெரியும். உண்மையில் ஐந்து. நான்காவது துண்டு மிகச் சிறியது, மூன்றாவதன் இரு மடல்களுக்கிடையே ஒளிந்திருக்கும். இலைவண்டுகளுக்கும் இதே பாதம்தான், அதனால் கொம்பு, கண், பாதம் மூன்றையும் சேர்த்தே பாருங்கள். மூன்றும் பொருந்தினால் செரம்பைசிடே, அதாவது நீளக்கொம்பு வண்டுக் குடும்பம்.

படி 3: பக்கத்திலிருந்து பாருங்கள். முகம் செங்குத்தாகக் கீழே இறங்கினால் துணைக்குடும்பம் லாமினே.

படி 4: தலைக்குப் பின்னால் இருபுறமும் ஒவ்வொரு முள், மேலே இரண்டு செம்புள்ளிகள், சிறகுகள் தொடங்கும் இடத்தில் நடுவே சிறு வெள்ளைத் திட்டு. சரி, இது பெரும்பாலும் பட்டோசெரா ரூஃபோமாகுலாட்டாதான். சிறகுப் புள்ளிகளை மட்டும் நம்பாதீர்கள், அவை வண்டுக்கு வண்டு மாறும்.

படி 5: பெயரை எழுதுவது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சுவீடன் நாட்டுப் பூச்சியியலாளர் டி கீர் 1775இல் இதற்கு வைத்த பெயர் செரம்பைக்ஸ் ரூஃபோமாகுலாட்டஸ். லத்தீனில் ரூஃபஸ் சிவப்பு, மாகுலா புள்ளி. அதாவது செம்புள்ளியன். பின்னர் பட்டோசெரா என்ற சாதிக்கு மாற்றினார்கள். செரம்பைக்ஸ் ஆண்பால், பட்டோசெரா பெண்பால். ஆகவே செம்புள்ளியன் செம்புள்ளியாள் ஆகிவிட்டது! இன்றைய முழுப்பெயர்: பட்டோசெரா ரூஃபோமாகுலாட்டா (டி கீர், 1775). அந்த அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். முதலில் பெயர் வைத்தபோது இது வேறு சாதியில் இருந்தது என்பதை அதுதான் சொல்கிறது. சாதி மாறாத இனங்களுக்கு அடைப்புக்குறி வராது.

அப்புறம் ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதிப் போத்தலோடு வையுங்கள்: திருகோணமலை, உப்புவெளி, மாமரத்தடி, திகதி, பிடித்தவர் பெயர்.