நகர்க் குளத்தைப் பராமரிக்க: புதிய சங்கங்களுக்கு

குளத்தைப் பொறுப்பேற்கும் குடியிருப்போர் சங்கம் எதுவானாலும் முதலில் ஆகாயத்தாமரையை அள்ளத்தான் இறங்கும். நாங்களும் இறங்கினோம். ஆறே வாரத்தில் பழையபடி பச்சைப் பாய் விரிந்துவிட்டது. அந்தச் செடிக்குத் தீனி கழிவுநீர். அதை அடைக்காமல் அள்ளினால் கூலிதான் வீண்.

முதல் வேலை, குளம் யாருடையது என்று பார்ப்பது. வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டையும், நில அளவை வரைபடமான புலப்படத்தையும் எடுங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்றிருந்தால் அரசுச் சொத்து. அனுமதி இல்லாமல் மண்வெட்டி வைக்கக் கூடாது. பட்டாவில் சங்கத்தின் பெயர் இருந்தால் செலவும் வழக்கும் உங்களுடையவை.

அடுத்தது நடை. மார்ச், ஏப்ரலில், வாரக்கணக்கில் மழை இல்லாத ஒரு காலையில் வரத்துக் கால்வாய் ஓரமாக நடங்கள். அப்போதும் நீர் ஓடினால் அது மழைநீர் அல்ல. ஓட்டத்தின் எதிர்த்திசையில் போய்க்கொண்டே இருந்தால் ஏதாவது ஒரு குழாயில் முடியும். எங்களுக்கு அது பொருளாளர் வீட்டுச் சலவை இயந்திரத்தில் முடிந்தது. அடுத்த கூட்டத்துக்குக் காபி அவர் செலவு.

கழிவுநீரை அடைத்துவிட்டு, நல்ல நீருக்கு வழி விடுங்கள். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மொட்டைமாடியில் 100 மி.மீ. மழை பெய்தால் சுமார் 22,000 லிட்டர். ஏறத்தாழ இரண்டு டேங்கர் லாரித் தண்ணீர். வீட்டுக் கிணறும் உறிஞ்சு குழியும் நிரம்பி மிஞ்சுவது குளத்துக்கு வரட்டும்.

தூர் வாருவதைக் கோடையில் முடியுங்கள். கரையோரம் சரிவாக இருக்கட்டும். செங்குத்தாக வெட்டினால் கரை சரியும், தவறி விழும் குழந்தையால் ஏறவும் முடியாது. குளம் நிரம்பியபின் மிகுநீர் வழிந்து வெளியேறும் இடம்தான் கலங்கல்; செப்டம்பருக்குள் அதில் அடைப்பு எடுத்துவிட வேண்டும். "மணல் மூட்டை அடுக்கிக் கொஞ்சம் கூடுதலாகத் தேக்கலாமே" என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை அவருக்கு நினைவூட்டுங்கள்.

மாதம் ஒருமுறை, கறுப்பு வெள்ளை பூசிய எவர்சில்வர் தட்டைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்துவையுங்கள். தட்டு மறையும் ஆழம் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தால் நீர் கலங்குகிறது என்று பொருள்; மறுபடி கால்வாய் நடைதான்.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் நீரில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருக்கிறது. பம்பு வைத்து நீரை உயரத்திலிருந்து பீய்ச்சி விழச் செய்யுங்கள். நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்களிடம், அன்றைக்கு மட்டுமாவது ரொட்டித் துண்டு போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.