லினக்ஸ் மின்ட்டில் பிரிண்டர், ஸ்கேனர் அமைப்பது எப்படி: டிரைவர் தேடும் முன் பார்க்க வேண்டியவை

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வருகிறவர்கள் பிரிண்டரை இணைத்த கையோடு மாடல் எண்ணைப் போட்டு இணையத்தில் டிரைவர் தேடத் தொடங்கிவிடுவார்கள். லினக்ஸில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. பாதிப் பிரச்சினைகள் டிரைவர் இல்லாததால் வருவதில்லை. தேவையில்லாத டிரைவர்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவைப்பதால்தான் வருகின்றன.

இங்கே லினக்ஸ் மின்ட் 21, 22 பதிப்புகளின் சின்னமன் திரையை வைத்து விளக்குகிறோம். உபுண்டுவிலும் வழி இதேதான், மெனுக்களின் பெயர்தான் கொஞ்சம் மாறும். டெர்மினல் தேவையில்லை, எல்லாவற்றையும் மவுஸாலேயே முடிக்கலாம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். லினக்ஸில் அச்சிடுவதைக் கவனிப்பது கப்ஸ் என்ற மென்பொருள். ஆப்பிள் மேக்கிலும் அச்சு வேலையைப் பார்ப்பது இதுதான். ஸ்கேன் செய்வது சேன் என்ற வேறொரு மென்பொருளின் பொறுப்பு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. ஆகவே ஆல்-இன்-ஒன் மெஷினில் பிரிண்ட் வந்து ஸ்கேன் வராமல் போனால் மெஷின் பழுது என்று நினைக்க வேண்டாம். இரண்டையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் பிரிண்டர் எந்த வகை?

மெஷின் வந்த அட்டைப்பெட்டியையோ நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலின் பக்கத்தையோ பாருங்கள். ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா என்று போட்டிருந்தால் கவலையே இல்லை. அதற்குத் தனி டிரைவர் வேண்டாம். ஏர்பிரிண்ட் 2010இல் ஆப்பிள் கொண்டுவந்தது. அதன் அடியில் ஓடும் ஐபிபி என்ற பொது மொழி லினக்ஸுக்கும் தெரியும். மின்ட் 21 முதல் இந்த முறைக்கே முன்னுரிமை.

இரண்டாவது வகைக்கு டிரைவர் வேண்டும், ஆனால் அது மின்ட் தன் மென்பொருள்களை வைத்திருக்கும் களஞ்சியத்திலேயே இருக்கும். மூன்றாவது வகைதான் வம்பு: நிறுவனம் மூடிவைத்திருக்கும் ஒரு துண்டு மென்பொருள் இல்லாமல் அது அசையாது. நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் அலுவலகங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஹெச்பி லேசர்ஜெட் 1020, கேனான் எல்பிபி 2900 இரண்டும் இந்த வகை.

படி 1: இணைப்பு

யுஎஸ்பி என்றால் கேபிளைச் செருகி, பிரிண்டரை ஆன் செய்து அரை நிமிடம் காத்திருங்கள். முதல்முறை ஹப் வழியாக இணைக்காதீர்கள். கணினியின் போர்ட்டிலேயே நேரடியாகச் செருகுங்கள்.

வைஃபை என்றால், பிரிண்டரின் சொந்தத் திரையிலோ பொத்தான்களிலோ அதை முதலில் ரவுட்டரோடு சேர்க்க வேண்டும். கணினியும் அதே ரவுட்டரில் இருக்க வேண்டும். விருந்தினர் வைஃபையில் இருந்தால் பிரிண்டர் கண்ணில் படாது, ஏனென்றால் அந்த வலையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி ரவுட்டர் தடுத்து வைத்திருக்கும்.

படி 2: பிரிண்டர்ஸ் ஜன்னல்

மெனுவில் 'பிரிண்டர்ஸ்' என்று தேடித் திறங்கள். பிரிண்டரின் படம் ஏற்கெனவே வந்திருந்தால், அதை ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போய் 'பிரிண்ட் டெஸ்ட் பேஜ்' அழுத்துங்கள். தாள் வந்துவிட்டால் டிரைவர் பேச்சே வேண்டாம், நேராகப் படி 3க்குப் போகலாம்.

வராவிட்டால் 'ஆட்' அழுத்திக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். யுஎஸ்பி மெஷின் பட்டியலின் மேலேயே பெயரோடு நிற்கும். வைஃபை மெஷினுக்கு 'நெட்வொர்க் பிரிண்டர்' என்பதை விரித்து, தேடி முடிக்கும்வரை பொறுங்கள். ஒரே மெஷின் இரண்டு மூன்று வழிகளில் தெரிவது சகஜம். ஐபிபி என்று குறித்திருப்பதை எடுங்கள். 'ஃபார்வர்ட்' அழுத்தினால் மின்ட்டே பொருத்தமான டிரைவரைத் தேடும். கேட்டால் நிறுவனத்தையும் மாடலையும் தேர்ந்தெடுங்கள். ஒரு மாடலுக்குப் பல டிரைவர்கள் காட்டினால் 'ரெகமண்டட்' என்றிருப்பதே போதும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, ஹெச்பி பகுதியில் வரும்.

படி 3: தாள் அளவு

இதைத் தவறவிட்டுத் தவிக்கிறவர்கள் அதிகம். பிரிண்ட் கொடுத்ததும் மெஷின் விளக்கு மினுக்கிக்கொண்டே நிற்கும், தாள் இழுக்காது. அல்லது பக்கத்தின் கடைசி வரி வெட்டுப்படும். மின்ட் நிறுவும்போது அமெரிக்க ஆங்கிலத்தைத் தேர்ந்திருந்தால் தாள் அளவு லெட்டர் என்று அமைந்துவிடுவது உண்டு. லெட்டர் 216க்கு 279 மில்லிமீட்டர். நாம் வைக்கும் ஏ4 தாள் 210க்கு 297. லெட்டர் தாள் வைப்பீர்கள் என்று மெஷின் காத்துக்கொண்டிருக்கும்.

ப்ராப்பர்ட்டீஸில் 'பிரிண்டர் ஆப்ஷன்ஸ்' போய் 'மீடியா சைஸ்' ஏ4 என்று மாற்றி 'அப்ளை' கொடுங்கள். லிப்ரேஆபிஸ் ஒவ்வொரு கோப்புக்கும் தன் பக்க அளவைத் தனியாக வைத்திருக்கும் என்பதால் பழைய கோப்புகளில் 'பேஜ் ஸ்டைல்' பகுதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஹெச்பி: பிளக்இன் விவகாரம்

ஹெச்பிக்கு லினக்ஸில் ஹெச்பிலிப் என்ற தொகுப்பு இருக்கிறது. பெரும்பாலான மாடல்கள் அதிலேயே ஓடிவிடும். லேசர்ஜெட் 1020, பி1007, பி1008 போன்றவை மட்டும் வேறு ரகம். இவற்றின் உள்ளே ஃபர்ம்வேர், அதாவது மெஷினையே இயக்கும் மென்பொருள், நிரந்தரமாகத் தங்காது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினிதான் அதை அனுப்பிவைக்க வேண்டும். அந்த ஃபர்ம்வேர் ஹெச்பியின் பிளக்இன்னுக்குள் இருக்கிறது. அது இல்லையென்றால், கணினி 'கம்ப்ளீட்டட்' என்று சொல்லிவிடும், தாள் மட்டும் வராது.

மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் உதவும் சினாப்டிக் பேக்கேஜ் மேனேஜரைத் திறந்து ஹெச்பிலிப் என்று ஆங்கில எழுத்தில் (hplip) தேடுங்கள். வரும் பட்டியலில் ஜியுஐ (gui) என்று முடிவதை டிக் செய்து நிறுவுங்கள். மெனுவில் ஹெச்பியின் கருவிப்பெட்டி வந்திருக்கும். அதில் புதிய கருவியைச் சேர்க்கும் பொத்தானை அழுத்தி யுஎஸ்பி தேர்ந்தெடுங்கள். மாடலைக் கண்டதும் பிளக்இன் வேண்டும் என்று அதுவே கேட்கும். ஹெச்பியின் சர்வரிலிருந்து இறக்கும் முதல் தேர்வையே வைத்து, உரிம ஒப்பந்தத்தை ஏற்று, கடவுச்சொல் கொடுங்கள். அலுவலக வலைகளில் இந்த இறக்கம் அடைபட்டிருப்பது உண்டு. அப்போது மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை முடித்துவிடலாம். முடிந்ததும் பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ஃபர்ம்வேர் ஏறுவது அப்போதுதான்.

இனி அந்த விதிவிலக்கு. 1020க்கு டிரைவர் பட்டியலில் இரண்டு வரிகள் தெரியலாம். ஒன்றில் ஹெச்பிகப்ஸ் என்றும் பிளக்இன் தேவை என்றும் இருக்கும். இன்னொன்றில் ஃபூ2இசட்ஜேஎஸ் என்றிருக்கும். பிளக்இன் போட்டிருக்கிறீர்கள் என்றால் முதல் வரியைத்தான் எடுக்க வேண்டும். இரண்டிலும் ஒவ்வொரு க்யூ (அச்சு வரிசை) வைத்துக்கொள்வது குழப்பத்துக்கு வழி.

இன்னொரு விஷயம்: பிளக்இன்னின் பதிப்பும் ஹெச்பிலிப்பின் பதிப்பும் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும். மின்ட்டை 21இலிருந்து 22க்கு ஏற்றினால் ஹெச்பிலிப்பும் ஏறிவிடும், பிளக்இன் பழையதாகவே நிற்கும். நேற்றுவரை ஓடிய பிரிண்டர் அப்டேட்டுக்குப் பிறகு ஊமையாகிவிட்டது என்றால் முதல் சந்தேகம் இதுவாகவே இருக்கட்டும். மேலே சொன்ன அமைப்பை மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும்.

எப்சன், பிரதர், கேனான்

எப்சனின் எல் வரிசை இங்க்டேங்க் மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு அச்சு டிரைவர் களஞ்சியத்திலேயே உண்டு. சினாப்டிக்கில் எஸ்கேப்பிஆர் (escpr) என்று தேடுங்கள். ஸ்கேனருக்கு எப்சன் ஸ்கேன் 2 என்ற தனி மென்பொருளை நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்க வேண்டியிருக்கும். அந்தக் கட்டுக்குள் இரண்டு டெப் கோப்புகள் (மென்பொருளை நிறுவும் கோப்புகள்) இருக்கும். வைஃபை வழியாக ஸ்கேன் செய்ய இரண்டாவதும் வேண்டும், அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பிரதரின் பல லேசர் மாடல்கள் பிஆர்லேசர் என்ற திறமூல டிரைவரிலேயே நன்றாக ஓடும். ஸ்கேனுக்கு நிறுவனத்தின் பிஆர்ஸ்கேன் வேண்டும்.

கேனான் எல்பிபி 2900 விஷயத்தில் நேராகச் சொல்லிவிடுவது நல்லது. அது கேப்ட் என்ற கேனானின் சொந்த மொழியில் மட்டுமே பேசும். நிறுவனத்தின் லினக்ஸ் டிரைவர் மிகப் பழையது, 32-பிட் நூலகங்களைக் கேட்கும், ஓடவைத்தாலும் அடுத்த அப்டேட்டில் நின்றுபோகும். லினக்ஸுக்காகப் பழைய மெஷின் வாங்குவதாக இருந்தால் இதை வாங்காதீர்கள்.

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் பிரிண்ட் சர்வர் அமைக்க நினைப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: நிறுவனங்கள் தரும் மூடிய டிரைவர்களில் நிறைய இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்கு மட்டுமே உருவானவை. பையின் ஆர்ம் சில்லில் அவை ஓடா.

ஸ்கேனர்

மெனுவில் 'டாக்குமென்ட் ஸ்கேனர்' திறங்கள். கருவி தானாகத் தெரிந்தால் 'ஸ்கேன்' அழுத்த வேண்டியதுதான்.

நிறுவனத்தின் டிரைவரைப் போட்ட பிறகும் யுஎஸ்பி ஸ்கேனர் தெரியவில்லையா? காரணம் பெரும்பாலும் ஐபிபி-யுஎஸ்பி என்ற சேவை. டிரைவர் இல்லாமல் இயங்கும் மெஷின்களுக்காக அது யுஎஸ்பி இணைப்பைத் தன் பிடியில் வைத்துக்கொள்ளும். பிறகு வேறு எந்த டிரைவரும் அதைத் தொட முடியாது. சினாப்டிக்கில் ஐபிபி-யுஎஸ்பி (ipp-usb), சேன்-ஏர்ஸ்கேன் (sane-airscan) இரண்டையும் நீக்கிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். டிரைவர் இல்லாமலே எல்லாம் சரியாக ஓடுகிறது என்றால் இவற்றைத் தொடவே கூடாது.

டாக்குமென்ட் ஸ்கேனரில் 'டெக்ஸ்ட்' முறையின் இயல்பு அளவு 150 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளிகள். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி சிறியது; 150இல் அது மங்கி, 'க்' பார்வைக்கு 'க' ஆகிவிடும். டெசராக்ட் போன்ற எழுத்துணரி மென்பொருளுக்குக் கொடுப்பதாக இருந்தால் 'ப்ரிஃபரன்ஸஸ்' போய் 300 ஆக்குங்கள். 600 தேவையில்லை. ஒரு ஏ4 வண்ணப் பக்கம் 300இல் சுருக்காத நிலையில் சுமார் 26 எம்பி. 600இல் நான்கு மடங்கு.

நின்றுபோனால்

வைஃபை பிரிண்டர் சில நாள் ஓடி, பிறகு 'நாட் கனெக்டட்' என்று நின்றால் ரவுட்டர் அதற்குப் புது ஐபி முகவரி கொடுத்திருக்கலாம். ரவுட்டரில் முகவரிகளை ஒதுக்கும் டிஎச்சிபி பகுதியில் அந்தப் பிரிண்டருக்கு ஒரே முகவரியை ஒதுக்கிவையுங்கள்.

தாள் சிக்கியோ கேபிள் கழன்றோ ஒரு வேலை தோற்றால் க்யூ முடங்கிப்போகலாம். பிரிண்டரைச் சரிசெய்த பிறகும் அது தானாக எழாது. பிரிண்டர் படத்தை ரைட் கிளிக் செய்து 'எனேபிள்டு' டிக் போடுங்கள். அதற்கு முன், 'வியூ பிரிண்ட் க்யூ' திறந்து காத்துக்கிடக்கும் பழைய வேலைகளை நீக்குங்கள். இல்லாவிட்டால் திரும்பத் திரும்ப அழுத்திய பத்துப் பிரதிகளும் வரிசையாக வந்து விழும்.

திரையில் சரியாகத் தெரியும் தமிழ் பிடிஎஃப் தாளில் கட்டம் கட்டமாக வந்தால், எழுத்துருவை டிரைவர் சரியாகக் கையாளவில்லை என்று பொருள். ஒக்குலர் என்ற பிடிஎஃப் மென்பொருளில் அதைத் திறந்து, பிரிண்ட் ஜன்னலின் பிடிஎஃப் ஆப்ஷன்ஸில் 'ஃபோர்ஸ் ராஸ்டரைசேஷன்' டிக் செய்யுங்கள். பக்கம் முழுவதும் படமாக மாறிப் போகும். அச்சு கொஞ்சம் மெதுவாகும், ஆனால் எழுத்து உடையாது.