டுசுன் ஊருக்குப் போனால் பெயரில் கவனம் வையுங்கள்

மலேசியாவின் சபா மாநிலத்தில் கினபாலு மலை ஏறப் போகிறவர்களும், அங்கே ரணாவ், தம்புனான் பக்கம் டுசுன் பூர்வகுடி மக்களின் ஊர் வீடுகளில் தங்கப் போகிறவர்களும் குளிரைப் பற்றி விசாரிப்பார்கள், வாடகையை விசாரிப்பார்கள். பேச்சில் எங்கே கால் இடறும் என்று விசாரிப்பவர்கள் குறைவு.

அதிகம் நடக்கும் தவறு, ஒருவரிடம் போய் "உங்கள் மாமனார் பெயர் என்ன?" என்று நேராகக் கேட்பது. டுசுன் மக்களின் பழைய வழக்கப்படி மாமனார், மாமியார் பெயரை வாயால் சொல்லக் கூடாது. கேட்கப்பட்டவர் சிரித்து மழுப்புவார், அல்லது பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். அவர் மறைக்கிறார் என்று நினைத்து மறுபடி கேட்டால் சங்கடம் இரட்டிப்பாகும். பெயர் கட்டாயம் தேவையென்றால் வேறு யாரிடமாவது கேளுங்கள். கணவர் பெயரைச் சொல்லாமல் 'எங்க வீட்டுக்காரர்' என்றே காலம் தள்ளிய பாட்டிகளைப் பார்த்த நமக்கு இது புதிதில்லை. ஆனால் அங்கே இந்தக் கட்டுப்பாடு மருமகனுக்கும் உண்டு.

சரி, பெரியவர்களை எப்படிக் கூப்பிடுவது? தாத்தா வயதுக்காரருக்கு 'அக்கி', பாட்டிக்கு 'ஓடு'. இந்த இரண்டு சொற்களே வெகுதூரம் கொண்டுபோகும். கினபாலு மலையையே அந்த மக்கள் 'அக்கி நபாலு' என்கிறார்கள். இறந்த முன்னோரின் ஆவிகள் அங்கே இருப்பதாக நம்பிக்கை.

அந்த மலையில் வாய்க்கும் நடத்தைக்கும் கட்டுப்பாடு வேண்டும். கூச்சல், கெட்ட வார்த்தை, கேலி எதுவும் ஆகாது. 2015 மே 30 அன்று வெளிநாட்டுப் பயணிகள் சிலர் உச்சியில் ஆடை களைந்து படம் எடுத்தார்கள். ஜூன் 5 அன்று நிலநடுக்கம், 18 பேர் இறந்தார்கள். இரண்டையும் அங்குள்ளவர்கள் சிலர் முடிச்சுப் போட்டதை உலகச் செய்திகள் நக்கலடித்தன. நிலநடுக்கத்துக்குப் புவியியல் காரணம் உண்டு என்பது வேறு விஷயம். ஒருவருடைய முன்னோர் தங்கும் இடத்தில் அப்படி நடந்துகொண்டது அதனால் சரியாகிவிடாது. பிடிபட்டவர்களில் நான்கு பேருக்குத் தலா 5,000 ரிங்கிட் அபராதமும் 3 நாள் சிறையும் கிடைத்தன.

காட்டுக்குள் நடக்கும்போது திடீரென்று ஏதோ வாசனை வந்தால் "இது என்ன நாற்றம்?" என்று உரக்கக் கேட்காதீர்கள். நண்பர் பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவதும் வேண்டாம். ஆவிகள் கவனித்துவிடும் என்ற இந்த அச்சம் சபா இருக்கும் போர்னியோ தீவு முழுக்கப் பல இனத்தாரிடம் உண்டு.

பெயரை எழுதும் இடத்திலும் சறுக்கல் உண்டு. மரபுப்படி அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் வரும். கடைசிப் பெயரைச் சொல்லி 'மிஸ்டர்' போட்டால் பல சமயம் அவருடைய அப்பாவைத்தான் கூப்பிடுகிறீர்கள். நடுவில் 'பின்' (மகன்), 'பிந்தி' (மகள்) இருந்தால் முஸ்லிம் என்று முடிவு கட்டுவதும் தவறு. சபாவில் கிறிஸ்தவர்களான பூர்வகுடிகள் பலருக்கும் அப்படிப் பெயர் உண்டு. அதனாலேயே அடையாள அட்டையில் மதம் தவறாகப் பதிவாகி, அதைத் திருத்த அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

சடங்கு செய்யும் மூதாட்டியைச் 'சூனியக்காரி' என்று மொழிபெயர்ப்பது மட்டமான பழக்கம். டுசுன்காரர்கள் 'பொபொலியான்' என்பார்கள், அவர்களுக்கு நெருங்கிய இனமான கடசான்காரர்கள் 'பொபோஹிசான்' என்பார்கள். நீண்ட சடங்குப் பாடல்களை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் அவர்கள்.

அப்புறம் 'கொபொஹுனான்'. சாப்பிடச் சொன்னதை மறுத்துவிட்டுப் போனால் வழியில் விபத்தோ பாம்புக்கடியோ வரும் என்பது நம்பிக்கை. வயிறு நிறைந்திருந்தால் தட்டின் விளிம்பையாவது விரலால் தொட்டுவிட்டுக் கிளம்புங்கள். அது போதும்.

இதையெல்லாம் எல்லா டுசுன் வீடுகளும் ஒரே மாதிரி கடைப்பிடிப்பதில்லை. பலர் கிறிஸ்தவர்கள், சிலர் முஸ்லிம்கள். ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். நகரத்து இளைஞர் இதைக் கேட்டுச் சிரிக்கவும் கூடும். அவர் சிரித்தார் என்பதற்காக அவருடைய பாட்டி முன்னால் அதே பேச்சை எடுக்காதீர்கள். ஏதாவது பெரிதாகத் தவறிவிட்டால் ஊர்த் தலைவரிடம் சொல்லுங்கள். 'சோகிட்' என்ற பரிகாரம் உண்டு: தவறின் அளவுக்கு ஏற்பக் கோழியோ பன்றியோ எருமையோ கொடுத்து, அந்தத் தவறால் பிறந்ததாக நம்பப்படும் 'சூட்டை'த் தணிப்பது.