பழைய டெஸ்க்டாப்பில் ஃபயர்வால்

வீட்டு நெட்வொர்க்குக்குத் தனி ஃபயர்வால் (இணையத்திலிருந்து வருவதை வடிகட்டும் தடுப்பு) வைக்கப் புதுக் கணினி வேண்டாம். சும்மா கிடக்கும் 64 பிட் டெஸ்க்டாப், 8 ஜிபி ராம், சின்ன எஸ்எஸ்டி போதும். காசு செலவழிப்பதானால் நெட்வொர்க் கார்டுக்குச் செலவழியுங்கள் என்பேன். இணையத்துக்கு ஒன்று (வான்), வீட்டுக்கு ஒன்று (லேன்) என இரண்டு ஈதர்நெட் போர்ட் வேண்டும். இன்டெல் சிப் உள்ள கார்டாகப் பாருங்கள். நான் பயன்படுத்தும் ஓபிஎன்சென்ஸ் என்ற இலவச ஃபயர்வால் மென்பொருள் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மேல் ஓடுகிறது. அதில் ரியல்டெக் கார்டுகள் சிலசமயம் படுத்தும்.

ஓபிஎன்சென்ஸின் நிறுவல் கோப்பை யுஎஸ்பியில் எழுதி, அதிலிருந்து பூட் செய்து, நிறுவுங்கள். டிஸ்க்கில் இருப்பது மொத்தமும் அழிந்துவிடும். ரூட் (நிர்வாகி) கடவுச்சொல்லை அப்போதே மாற்றிவிடுங்கள். எந்த போர்ட் எது என்று குழம்பினால் கேபிள்களைக் கழற்றிவிட்டு, கன்சோலில் (அந்தக் கணினியின் திரையில் வரும் மெனு) தானாகக் கண்டறியும் வசதியைக் கொடுத்து, கேட்கும்போது ஒவ்வொன்றாகச் செருகுங்கள்.

அப்புறம்தான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். லேன் முகவரி 192.168.1.1 என்றே வரும். மோடமும் அதே முகவரியில் இருந்தால் இணையம் வராது, லேனை 192.168.50.1 என மாற்றுங்கள். முடிந்தால் மோடமை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) போடுங்கள், இல்லாவிட்டால் இரட்டை நாட் ஆகிவிடும், அதாவது முகவரி மாற்றும் வேலை மோடம், ஃபயர்வால் இரண்டிலும் நடக்கும். பழைய வைஃபை ரவுட்டரை அக்சஸ் பாயின்ட்டாக (வைஃபை மட்டும் தரும் கருவி) மாற்றி, அதன் டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி வழங்கும் வசதி) அணைத்துவிடுங்கள்.

வெளியிலிருந்து அழைக்காமல் வருவதெல்லாம் இயல்பாகவே தடுக்கப்படும். வான் போர்ட்டில் அனுமதி விதி எதுவும் சேர்க்க வேண்டாம். கேமராவையும் லேப்டாப்பையும் பிரிக்க நினைத்தால் விலேன் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை) தேவை. ஒரே ஸ்விட்சில், ஒரே சப்நெட்டில் (முகவரி வரம்பில்) இருப்பவை பேசிக்கொள்வது ஃபயர்வாலுக்குத் தெரியவே தெரியாது.

எல்லாம் ஓடியதும் ஃபயர்வாலின் அமைப்புகள் (செட்டிங்ஸ்) அடங்கிய கோப்பை இறக்கி வேறொரு கணினியில் வையுங்கள்.