முன் சக்கரத்தடியில் எண்ணெய்க் கறையா? ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பில் ஒழுகலைக் கண்டுபிடிக்கும் முறை

வாசல் தெளிக்க வந்த பக்கத்து வீட்டு ஆச்சிதான் முதலில் பார்த்தார். "ஏம்ப்பா, உன் வண்டி முன் சக்கரத்துக்கிட்ட எண்ணெய் சொட்டிக் கிடக்கே, பாத்தியா?" இடது முன் சக்கரத்துக்கு உள்பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. அந்தக் கறையிலிருந்து உண்மையான காரணத்துக்குப் போய்ச் சேர எனக்கு மூன்று மாதமும் இரண்டு ஆயில் சீலும் (எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) ஆயிற்று. வரிசையாகப் பார்த்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்பேனர் பிடித்துப் பழகாதவர்கள்கூட இதில் முக்கால்வாசியைத் தாங்களே செய்யலாம், மீதியை மெக்கானிக்கிடம் சரியாகச் சொல்லிச் செய்ய வைக்கலாம்.

வண்டியை நகர்த்தும் முன் பிரேக்கைப் பாருங்கள்

முன் சக்கரத்தடியில் ஆறேழு வகை திரவம் சொட்டலாம். அதில் பிரேக் ஆயில் மட்டும் இன்றைக்கே பார்க்க வேண்டியது, மற்றவற்றுக்கு ஒரு நாள் அவகாசம் உண்டு. பேனட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவில் அளவு கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா பாருங்கள். பிரேக் பேட் தேயத் தேய அளவு மெதுவாக இறங்குவது இயல்புதான், ஆனால் போன வாரம் மேலே இருந்தது இன்றைக்குக் கீழே இருந்தால் எங்கோ போகிறது என்று அர்த்தம். அப்புறம் இன்ஜினைப் போடாமலே பெடலை நாலைந்து தடவை மிதித்து, கடைசியாக அழுத்தி அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். பெடல் கல்லு மாதிரி நின்றால் சரி. மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். "காரைக்குடிக்குத்தானே, மெதுவா ஓட்டிப் போயிடலாம்" என்று கிளம்ப வேண்டாம். பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் முன் சக்கர பிரேக்குக்கு ஒரு வழி, பின் சக்கரத்துக்கு ஒரு வழி என்று பிரித்திருப்பார்கள். முன் வழி காலியானால் மிச்சமிருக்கும் பின் பிரேக்கால் பாரம் ஏற்றிய வண்டியை நிறுத்த ரொம்ப தூரம் ஆகும்.

அட்டையில் பாருங்கள், மண்ணில் பார்க்காதீர்கள்

செம்மண் தரையில் கறையின் நிறத்தை நம்பவே முடியாது. எந்த எண்ணெய் சொட்டினாலும் சற்று நேரத்தில் மண்ணோடு கலந்து சிவப்பாகத்தான் தெரியும். நானும் முதல் நாள் சிவப்பைப் பார்த்துவிட்டு பவர் ஸ்டியரிங் ஆயில் என்றே முடிவு கட்டினேன். ஆத்தங்குடி கல் பதித்த தரையாக இருந்தால் இன்னும் வம்பு, பூப்போட்ட கல்லில் நிறம் தெரியாது, எண்ணெயும் உள்ளே இறங்கிக் கறை நின்றுவிடும். அதனால் ஃப்ரிட்ஜ் வந்த பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து, மேலே பழைய வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை விரித்து, சக்கரத்துக்கு உள்பக்கமாகத் தள்ளி வையுங்கள். சக்கரம் எங்கே நிற்கிறது, வண்டியின் முகம் எந்தப் பக்கம் என்று ஸ்கெட்ச் பேனாவால் துணியில் குறித்துவிடுங்கள். ஒரு ராத்திரி போதும்.

காலையில் துணியை வெயிலில் பிடித்துப் பாருங்கள், விரலில் தேயுங்கள், மோந்து பாருங்கள். நாக்கில் மட்டும் வைக்காதீர்கள்.

வெறும் தண்ணீராக இருந்தால் ஏசி போட்டு ஓட்டியதில் வந்த நீர், கவலை வேண்டாம். வைப்பர் தண்ணீர் டப்பா சில வண்டிகளில் முன் மட்கார்டுக்குள் இருக்கும், அதுவும் அங்கேதான் சொட்டும். பச்சை, ரோஸ், ஆரஞ்சு நிறத்தில் லேசான இனிப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட். அதில் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது, நாய் நக்கினால் செத்துப்போகும், அதனால் உடனே மண்ணைப் போட்டு அள்ளி இடத்தைக் கழுவிவிடுங்கள்.

பிரேக் ஆயில் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கெட்டி. புதிதாக இருந்தால் வெளிர் மஞ்சள், பழசானால் காபித்தண்ணீர் நிறம். விரலில் வழுவழுப்பு இருக்கும், எண்ணெய் வாடை இருக்காது. பெயிண்டில் பட்டால் அரித்துவிடும். சந்தேகமாக இருந்தால் தூக்கிப்போடுகிற பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் எடுத்து ஒரு சொட்டு விடுங்கள். நம் வண்டிகளில் ஊற்றுகிற டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும், கியர் ஆயிலும் இன்ஜின் ஆயிலும் மேலே மிதக்கும்.

கியர் ஆயில் என்றால் மூக்கே சொல்லிவிடும். கந்தகம் சேர்த்த எண்ணெய் அது, அழுகிய பூண்டு மாதிரி ஒரு நாற்றம், சோப்புப் போட்டுக் கழுவினாலும் கையில் சாயங்காலம் வரை இருக்கும். விளக்கெண்ணெய் போலக் கெட்டியாக, தேன் நிறத்திலிருந்து கறுப்பு வரை எதுவாகவும் இருக்கலாம். இது வந்தால் முன் டிஃபரன்ஷியலிலிருந்து, அதாவது இன்ஜின் சக்தியை இரண்டு முன் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியிலிருந்து வருகிறது. பின் சக்கரம் மட்டும் தள்ளுகிற டூ வீல் டிரைவ் பிக்கப்புக்கு முன்னால் இந்தப் பாகமே இல்லை, பெரும்பாலான கார்களில் அது கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கும், அதனால்தான் கார் மட்டும் பார்த்துப் பழகியவர்கள் இந்த இடத்தைத் தேடாமல் விட்டுவிடுகிறார்கள். துணியில் உண்மையான சிவப்பு, மெல்லிய எண்ணெய் என்றால் பவர் ஸ்டியரிங். டீசல் வண்டியில் மை போலக் கறுப்பாக, கரி ஒட்டுகிற மாதிரி இருந்தால் இன்ஜின் ஆயில், அது மேலே எங்கேயோ புறப்பட்டு வழிந்து வந்திருக்கும்.

எனக்குத் துணியில் தேன் நிறமும் பூண்டு நாற்றமும்.

தூக்கிப் பார்க்கும் முன்

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் அண்டை கொடுங்கள். செம்மண்ணில் ஜாக்கி புதையும், அடியில் ஒன்றரை அங்குலப் பலகை ஒன்று வையுங்கள். தூக்கியதும் சேசிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டம்) ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் கீழே போக வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பித் தலையை உள்ளே விடாதீர்கள், ஒரு நிமிட வேலையாக இருந்தாலும் சரி. செங்கல்லை அடுக்கி ஸ்டாண்ட் ஆக்குவதும் கூடாது, பாரம் ஏறினால் சொல்லாமல் உடையும்.

கழுவு, காயவிடு, பவுடர் போடு

ஈரமாக இருக்கும் இடமெல்லாம் ஒழுகும் இடம் இல்லை. ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளும், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட் அதை வட்டமாக வீசும், மிச்சம் கீழே வழியும். அதனால் தேட வேண்டியது ஈரத்திலேயே உயரமான, முன்னால் இருக்கும் புள்ளியை. பழைய அழுக்கோடு அதைக் கண்டுபிடிக்க முடியாது. பனியன் வேஸ்ட்டும் பிரேக் கிளீனர் ஸ்பிரேயும் வைத்து சக்கரத்தின் உள்பக்கம், ஆக்சில், டிஃபரன்ஷியல், ஷாக் அப்சர்பர் எல்லாவற்றையும் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு முகத்துக்குப் போடும் பவுடரை எல்லா இடத்திலும் லேசாகத் தூவி, ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையில் எண்ணெய் கோடு போட்டிருக்கும், அது புறப்பட்ட இடம்தான் உங்கள் இடம். கோலப்பொடியைத் தூவாதீர்கள். அது அரைத்த கல், சீல் உதட்டுக்குள் போனால் ஷாஃப்டைத் தேய்த்துவிடும்.

எங்கே வந்தால் என்ன

டயரின் உள்பக்கச் சுவரும் ரிம்மும் நனைந்து பிரேக் ஆயிலாக இருந்தால் காலிப்பரை, அதாவது பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகத்தைப் பாருங்கள். ஹோஸ் வந்து சேரும் போல்ட்டில் இரண்டு செம்பு வாஷர் இருக்கும், பழசையே திருப்பிப் போட்டால் கசியும். இல்லையென்றால் பிஸ்டன் சீல், அல்லது ஹோஸிலேயே வெடிப்பு. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து ஹோஸை வளைத்துப் பாருங்கள், நேராக இருக்கும்போது வெடிப்பு தெரியாது. பிரேக் ஆயிலோ கியர் ஆயிலோ குடித்த பேடைப் பெட்ரோலில் கழுவிப் போடுவதெல்லாம் வேண்டாம், இரண்டு பக்கமும் புது செட் போடுங்கள்.

சக்கரத்துக்குப் பின்னால் கறுப்பு கிரீஸ் வட்டமாகச் சிதறியிருந்தால் சிவி ஜாயின்ட்டின் (சக்கரம் திரும்பினாலும் ஷாஃப்ட் சுற்ற உதவும் மூட்டு) ரப்பர் உறையான பூட் கிழிந்திருக்கிறது. மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள், கிழிசல் மடிப்புக்குள்தான் ஒளிந்திருக்கும். சீக்கிரம் பிடித்தால் பூட்டும் கிரீஸும் போதும், மண் உள்ளே போய் வளைவில் கடகட சத்தம் வர ஆரம்பித்துவிட்டால் ஷாஃப்ட் செலவு.

ஷாக் அப்சர்பர் உடம்பில் மேலிருந்து எண்ணெய் வழிந்து மண் அப்பியிருந்தால் ஷாக் போய்விட்டது. பவர் ஸ்டியரிங் என்றால் ரேக்கின் (சக்கரத்தைத் திருப்பும் குறுக்குத் தண்டு) இரண்டு முனையிலும் இருக்கும் துருத்தி மாதிரி ரப்பரைப் பிதுக்கிப் பாருங்கள், உள்ளே எண்ணெய் குலுங்கினால் ரேக் சீல்.

இனி கியர் ஆயில். இங்கே உங்கள் வண்டியின் முன்புறம் எந்த ஜாதி என்று தெரிய வேண்டும். பழைய ஜீப், ஜிப்ஸி மாதிரி வண்டிகளில் முன் ஆக்சில் ஒரே கெட்டிக் குழாய். டிஃபரன்ஷியல் எண்ணெயைத் தடுக்கும் உள் சீல் போனால் எண்ணெய் குழாய்க்குள்ளேயே பயணம் செய்து சக்கரத்துக்கு வந்துதான் சொட்டும். ஜிப்ஸியில் சக்கரத்துக்குப் பின்னால் பெரிய உருண்டை மூட்டு மூடியிருக்கும், அதற்குள் எண்ணெய் போய் கிரீஸைக் கரைத்துக் கறுப்புக் கூழாக வெளியே விடும். ஹைலக்ஸ், வி-கிராஸ், தார் போன்றவற்றில் டிஃபரன்ஷியல் சேசிஸோடு நடுவில் நிற்கும், இரண்டு பக்கமும் தனி ஷாஃப்ட். அங்கே சக்கரத்து முனையில் இருப்பது கிரீஸ் மட்டும், கியர் ஆயில் சொட்டினால் உள்முனையில் ஷாஃப்ட் டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் இடத்துச் சீலைத்தான் பார்க்க வேண்டும்.

சீல் ஏன் போனது என்று கேளுங்கள்

என் வண்டியில் அந்தச் சீல்தான். ஒரு ஒர்க்‌ஷாப்பில் மாற்றினார்கள், ஐந்து வாரத்தில் மறுபடியும் சொட்டியது. திரும்பவும் மாற்றினார்கள், திரும்பவும் அதே கதை. "ஷாஃப்ட்ல கோடு விழுந்திருக்கும்ணே, ஷாஃப்டையே மாத்திடுவோம்" என்றார்கள். கோடு விழுவதும் உண்மையில் நடக்கிற விஷயம்தான், கழற்றும்போது சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் மாட்டினால் புதுச் சீல் நிற்காது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். என் ஷாஃப்டில் நகம் வழுக்கிக்கொண்டு போயிற்று, சக்கரத்திலும் ஆட்டம் இல்லை.

அதற்குப் பிறகுதான் ப்ரீதர் ஞாபகம் வந்தது. டிஃபரன்ஷியல் ஓட ஓடச் சூடாகும், உள்ளே காற்று விரியும், அது வெளியேற மேலே ஒரு சின்னக் குழாய் உண்டு, அதுதான் ப்ரீதர். அது அடைத்தால் காற்று எண்ணெயைச் சீல் வழியாக வெளியே தள்ளும். எத்தனை சீல் போட்டாலும் தள்ளும். குழாயைத் தடவிக்கொண்டே போனேன், முனையில் மூடியைக் காணோம், அந்த ஓட்டைக்குள் குளவி கூடு கட்டி வைத்திருந்தது. சிவப்பு மண், செங்கல் மாதிரி இறுகி, சுண்டுவிரல் நுனி நீளத்துக்கு ஒரு அடைப்பு. கம்பியால் குத்தியதும் புஸ்ஸென்று காற்று வந்தது. குழாயை மாற்றி, புது மூடி போட்டு, மூன்றாவது சீல் போட்டேன். கல்லல் பக்கத் தோட்டத்துக்கு வாரத்தில் நாலு நாள் போய் வருகிறேன், சீல் காய்ந்தே இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்து கலுங்குத் தண்ணீர் ரோட்டைத் தாண்டும்போது வண்டியை இறக்குகிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். சூடான டிஃபரன்ஷியல் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிரும், உள்ளே காற்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும், ப்ரீதர் முனை தாழ இருந்தாலோ சீல் தளர்ந்திருந்தாலோ தண்ணீரையே இழுத்துக்கொள்ளும். குழாயை நீளமாக்கிப் பேனட்டுக்குள் உயரத்தில் கட்டிவிட்டால் நல்லது.

எண்ணெய் அளவு பார்க்கும்போது மேலே இருக்கும் நிரப்புகிற பிளக்கை முதலில் கழற்றுங்கள். கீழ் பிளக்கைத் திறந்து எல்லாவற்றையும் வடித்த பிறகு மேல் பிளக் துருப்பிடித்துக் கழல மறுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். விரலை உள்ளே விட்டால் ஓட்டையின் கீழ் விளிம்பில் எண்ணெய் தட்டுப்பட வேண்டும். பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, முழுக்க மாற்றுங்கள். எந்த கிரேடு, எத்தனை லிட்டர் என்பதை வண்டிப் புத்தகத்தைப் பார்த்து ஊற்றுங்கள், கடைக்காரர் கையில் கிடைத்ததை வாங்காதீர்கள்.

வேலை முடிந்ததும் அட்டையையும் துணியையும் மறுபடி விரியுங்கள். மூலை முடுக்கில் தேங்கிய பழைய எண்ணெய் முதல் இரண்டு ராத்திரி ஓரிரு சொட்டு விழும், பதற வேண்டாம். மூன்றாம் நாள் புதுத் துணி போடுங்கள், அதில் விழுந்தால்தான் கணக்கு.