மூன்றாம் சிலிண்டரின் சூடு
நானே கட்டிய சிறு விமானம். அதன் நான்கு சிலிண்டர் இன்ஜினைக் குளிர்விப்பது முன்னாலிருந்து நுழையும் காற்றுதான். மேலே ஏறும்போதெல்லாம் மூன்றாம் சிலிண்டரின் தலை வெப்பம் 225 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மற்ற மூன்றும் 200-க்குள் நிற்கும். காற்று நுழையும் வாயைப் பெரிதாக வெட்டலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை, வெட்டவில்லை.

இருட்டில் இன்ஜின் மூடிக்குள் கீழே விளக்கை வைத்து, முன்வாய் வழியே எட்டிப் பார்த்தேன். காற்றைச் சிலிண்டர்கள் வழியே திருப்பிவிடும் பின்தடுப்புத் தகட்டின் மூலையில் விரல் நுழையும் அளவுக்கு வெளிச்சம்! அங்கே தகட்டுக்கும் மூடிக்கும் இடையிலான சந்தை அடைக்கும் ரப்பர் பட்டை பின்னோக்கி மடிந்து கிடந்தது. சூட்டை வெளியேற்றும் சிலிண்டர் துடுப்புகளுக்கு இடையே இறங்க வேண்டிய காற்று அந்தச் சந்து வழியே நழுவியிருக்கிறது. பட்டை முன்னோக்கி வளைந்திருந்தால்தான் காற்றழுத்தமே அதை மூடியோடு அழுத்திப் பிடிக்கும்.

பட்டையை மாற்றி, இடுக்குகளை வெப்பம் தாங்கும் சிலிகானால் அடைத்தேன். அடுத்த முறை ஏறியபோது 205. மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, வேகத்தைக் கூட்டி ஏறினால் இன்னும் இறங்குகிறது.