தோலையும் ஊறிய தண்ணீரையும் கொட்டாதீர்கள்: பதின்வயதுப் பிள்ளைகளின் இதயத்துக்கான சமையல்

ரத்தக்குழாயின் உட்சுவரில் கொழுப்புக் கீற்றுகள் படிவது ஐம்பது வயதில் தொடங்குவதில்லை. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள பொகலூசாவில் 1973-இல் ஒரு நீண்டகால ஆய்வு தொடங்கியது. பெரும்பாலும் விபத்துகளில் இறந்துபோன சிறுவர்கள், இளைஞர்களின் ரத்தக்குழாய்களிலேயே அந்தக் கீற்றுகள் இருந்ததை அது காட்டியது. அதனால் 12 வயதிலிருந்து 18 வயது வரை பிள்ளைகளின் தட்டில் என்ன விழுகிறது என்பது முக்கியம்.

காய், பழம், தானியம், பருப்பு ஆகியவற்றில் நிறத்தையும் துவர்ப்பையும் தருவதில் பெரும்பங்கு பாலிபீனால் என்னும் தாவரச் சேர்மங்களுடையது. ரத்தக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது. இந்த வேலைக்குப் பாலிபீனால்கள் துணை செய்கின்றன. ஆனால் ரத்தத்தில் அவை சில மணி நேரமே நிற்கும். பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய பழத்தட்டை நீட்டுவதைவிட, ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் கொடுப்பதே பயன் தரும். பதின்வயதினரிடம் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் தொடர்பைக் காட்டுபவைதான், இதுதான் காரணம் என்று நிரூபிப்பவை அல்ல. ஆகவே இதை மருந்தாக நினைக்க வேண்டாம். உப்பைக் குறைப்பது, தினம் 60 நிமிடம் உடல் வியர்க்க விளையாடுவது, நன்றாகத் தூங்குவது ஆகியவற்றோடு சேர்ந்ததே இது.

எவ்வளவு?

பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் தினம் 400 கிராம் காய்கறியும் பழமும் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு இதில் சேராது. நம் சமையலில் இது எட்டாத அளவு இல்லை. மதியம் ஒரு பொரியலோ கீரையோ 100 கிராம், சாம்பாரில் காயும் சின்ன வெங்காயமுமாக 100 கிராம், ஒரு நடுத்தரக் கொய்யா 150 கிராம், ஒரு பெரிய நெல்லிக்காய் 40 கிராம் என்று வைத்தாலே கிட்டத்தட்ட வந்துவிடும். இட்லிக்குச் சட்னி மட்டும் என்று ஓடும் வீடுகளில்தான் பற்றாக்குறை.

சின்ன வெங்காயத்தில் குவர்செட்டின் என்னும் பாலிபீனால் நிறைய உண்டு, அதிலும் வெளி அடுக்குகளில். காகிதம் போன்ற சருகை மட்டும் நீக்குங்கள். அவசரத்தில் அதோடு ஒரு சதை அடுக்கையும் உரித்துவிடுகிறோம். வேகவைத்து நீரை வடித்தால் சத்து நீரோடு போகும். சாம்பாரிலும் வத்தக்குழம்பிலும் அந்த நீர் உள்ளேயே இருப்பதால் இழப்பு குறைவு. கேழ்வரகில் பாலிபீனால் இருப்பது மேல்தோலில். மாவை மெல்லிய சல்லடையில் சலிக்க வேண்டாம். வேர்க்கடலையைச் சிவப்புத் தோலோடும், கறுப்பு உளுந்தைத் தோலோடும், கொண்டைக்கடலையில் கறுப்பு வகையையும் எடுத்துக்கொள்ளுங்கள். பன்னீர் திராட்சையை நன்றாகக் கழுவித் தோலோடு தின்னக் கொடுங்கள். பிழிந்து வடிகட்டினால் நார் போய்விடும், மிஞ்சுவது பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர்.

கறுப்புக் கவுனி

இதைச் சரியாகச் சமைப்பவர்கள் குறைவு என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம். இந்த அரிசியின் நிறமெல்லாம் மேல் தவிட்டில் இருக்கும் ஆந்தோசயனின் என்னும் பாலிபீனால்; அரிசியை உடைத்தால் உள்ளே வெள்ளைதான். தூசி போக ஒரு முறை வேகமாகக் கழுவுங்கள். பிறகு 1 கப் அரிசிக்கு 3 கப் தண்ணீர் விட்டு 8 மணி நேரம் ஊறவிடுங்கள். காலையில் தண்ணீர் கருஞ்சிவப்பாக இருக்கும். அழுக்கு என்று நினைத்துக் கொட்டுவதே வழக்கமான தவறு. தவிட்டிலிருந்து கரைந்து வந்த ஆந்தோசயனின் அது. அதே தண்ணீரோடு குக்கரில் வைத்து, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிடம் விடுங்கள். விரலில் நசுங்காவிட்டால் அரை கப் வெந்நீர் சேர்த்து இன்னும் 5 நிமிடம்.

கோடையில் இரவு முழுதும் வெளியே ஊறினால் நுரைத்துப் புளித்த வாடை வரும். அந்தத் தண்ணீர் வேண்டாம். வெயில் மாதங்களில் ஃப்ரிட்ஜில் ஊறவையுங்கள். சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்ப சோடா போடாதீர்கள். சோடாவின் காரத்தில் நிறம் நீலம் கலந்த சாம்பலாக மாறும், சேர்மமும் சிதையும். செட்டிநாட்டு விருந்துகளில் வரும் கவுனி அரிசி இனிப்பில் சர்க்கரை அதிகம். அது விசேஷ நாளுக்கு இருக்கட்டும். தினசரிக்குக் கஞ்சி, புட்டு, அல்லது 3 கப் இட்லி அரிசியோடு 1 கப் கவுனியும் 1 கப் உளுந்தும் சேர்த்து அரைத்த தோசை மாவு போதும். அரைக்கும்போதும் கவுனி ஊறிய நீரையே ஊற்றுங்கள்.

டீயும் இரும்புச்சத்தும்

இதைக் கவனிக்காவிட்டால் நல்லதே கெடுதலாகிவிடும். டீயிலும் பாலிபீனால் உண்டு. ஆனால் டீ, காபி, கேழ்வரகு ஆகியவற்றில் உள்ள துவர்ப்புச் சேர்மங்கள், தாவர உணவில் இருக்கும் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ளாமல் தடுக்கும். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆகவே சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே விதிதான்.

வைட்டமின் சி இந்தத் தடையைப் பெருமளவு தளர்த்தும். கேழ்வரகு தோசைக்கு நெல்லிக்காய்த் துவையல் என்ற சேர்க்கை இதனால்தான் அருமையானது. துவையல் தொடாத பிள்ளைக்கு நெல்லி மோர் கொடுத்துப் பாருங்கள்: கொட்டை நீக்கிய 1 நெல்லிக்காய், சுண்டுவிரல் நுனியளவு இஞ்சி, 5 கறிவேப்பிலை, கால் கப் தயிர், முக்கால் கப் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. அரைத்து, வடிகட்டாமல் உடனே கொடுங்கள். நேரமானால் துவர்ப்பு ஏறும். தேன் நெல்லியையும் நெல்லிக்காய் ஊறுகாயையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒன்றில் சர்க்கரை, மற்றதில் உப்பு.

டப்பாவில் வைக்கும் கொய்யாத் துண்டுகள் கறுப்பதற்கு, பாலிபீனால் காற்றோடு சேர்ந்து மாறுவதே காரணம். கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, ஆனால் கறுத்ததைப் பிள்ளைகள் அப்படியே திருப்பிக் கொண்டுவருவார்கள். நறுக்கியதும் அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு பிசிறி, காற்றுப் புகாமல் மூடுங்கள். வாழைப்பூவை நறுக்கியதும் மோர் கலந்த நீரில் போடுவதும் இதற்காகத்தான்.

கிரீன் டீ சாறு, மஞ்சள் சாறு என்று கேப்சூலில் விற்பவற்றைப் பிள்ளைகளுக்கு நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். செறிவான கிரீன் டீ சாறு சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது. சமையலில் போடும் மஞ்சளோடு ஒரு சிட்டிகை மிளகும் கொஞ்சம் எண்ணெயும் இருந்தால் போதும்.

13 வயதைத் தாண்டிய பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒரு முறை ரத்த அழுத்தம் பாருங்கள். ஐந்து நிமிடம் உட்காரவைத்த பிறகு, கையின் பருமனுக்குப் பொருந்தும் பட்டையால் அளக்க வேண்டும். 120/80-க்குள் இருந்தால் சரி. வெவ்வேறு நாட்களில் அளந்தும் 130/80-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, உணவை மட்டும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.